ஒட்டுப்போர்வையும் கால் அங்குலமும்

புறத்தே தோன்றுவனவற்றைப் புகழ்தலும், அகத்தே மறைந்து நிற்பனவற்றைப் பாராது விடுதலும் மக்கட்கு இயல்பாய் அமைந்த குணங்களாம். மாளிகையைக் கண்டோர் அதன் மாடத்தையும் சாளரத்தையும் வியந்துரைப்பரேயன்றி, அடிக்கல்லின் மட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லார். தையற் கலையிலும் இதுவே நிலை. துணியின் நிறத்தையும் பூவேலையையும் பாராட்டுங் கண்கள், உட்புறத்தே மடிந்து கிடக்கும் மூட்டின் ஓரத்தை நோக்குவதில்லை. அவ்வோரத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன். தமிழ் பயில்வாள் ஒருத்திக்குத் தையலைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை எண்ணுமிடத்துத் துன்னகாரரையும் விடாது எண்ணுகின்றது. இளங்கோவடிகள் இழிவெனக் கருதாத ஒன்றனை யான் எழுதுதல் இழுக்காகாது என நம்புகின்றேன்.

மேனாட்டார் ‘குவில்ட்’ என வழங்கும் போர்வை மூன்று அடுக்குடையது. மேலே துணிமுகமும், இடையே பஞ்சுப் படலமும், அடியில் மற்றொரு துணியும் வைத்து, மூன்றனையும் ஊடுருவத் தைத்து ஒன்றாக்குவர். மேல்முகத்தைச் சிறு சிறு துண்டுகளால் இணைத்து அமைப்பின் அஃது ஒட்டுப்போர்வை எனப்படும். துண்டுகளை முதற்கண் சதுரக் கட்டங்களாகத் தைத்துக்கொண்டு, பின்னர்க் கட்டத்தோடு கட்டம் சேர்த்துப் போர்வையாக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெரிதும் பரவிற்று. ‘கான்சாஸ் சிட்டி ஸ்டார்’ என்னும் செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை இத்தகைய கட்டங்களின் வடிவங்களை வெளியிட்டு வந்தது என்றால், இல்லந்தோறும் இக்கலைக்கு இருந்த மதிப்பு வெள்ளிடை மலையாம்.

இரண்டு துண்டுகளை மூட்டுங்கால், தையற் கோட்டிற்கும் துணியின் விளிம்பிற்கும் இடையே சிறிது துணி விடுதல் வேண்டும். விடாவிடின் இழை பிரிந்து மூட்டு விட்டுப்போம். ஆடை தைப்போர் இவ்வோரத்தைத் தாராளமாக விடுவர். உடல் பருத்தால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது நம்மூர்த் தையற்காரர் யாவரும் அறிந்த நெறி. ஒட்டுப்போர்வை தைப்போரோ கால் அங்குலமே விடுவர். அதனிற் குறையின் மூட்டு வலுவிழக்கும். அதனின் மிகின் மூட்டுக்கள் கூடுமிடந்தோறும் துணி தடித்து, மேலே ஊசி செல்லுதற்குத் தடையாம். ஆடையில் ஓரம் ஒரு சேமிப்பு. ஒட்டுப்போர்வையில் அஃது ஓர் அளவை. இவ்வேற்றுமையை உணராமையே தொடக்கத்தார் படும் அல்லல் பலவற்றிற்கும் காரணமாம். யானும் அதனைப் பட்டே உணர்ந்தேன்.

எங்கள் விடுதியில் நெடுங்காலம் சமையற் பணி புரிந்த மூதாட்டியார் ஒருவர் சென்ற ஆண்டு ஓய்வு பெறுவாராயினர். பனிக்காலத்திற் போர்த்திக்கொள்ள அவர்க்கு ஒரு போர்வை தைத்துக் கொடுப்பதெனத் தோழியர் நால்வர் துணிந்தோம். ஒன்பது சிறு சதுரங்களால் ஆன கட்டத்தையும் ஒரே துணியாலான வெறுங் கட்டத்தையும் மாற்றி மாற்றி வைப்பது எங்கள் திட்டம். அகலத்தில் 4, நீளத்தில் 8 ஆக 32 கட்டங்கள். அவற்றுள் ஒன்பது துண்டுக் கட்டங்கள் 16. ஒருவர்க்கு நான்காகப் பகிர்ந்துகொண்டு, விடுமுறையில் அவரவர் இல்லத்துத் தையற் பொறியில் தைத்து வந்தோம். ஒவ்வொரு சிறு சதுரமும் 3½ அங்குலமாக வெட்டப்பட்டது. கால் அங்குல ஓரம் இருபுறமும் போக 3 அங்குலம் நிற்கும். ஆகவே முடிந்த கட்டம், சுற்றோரத்தையும் சேர்த்து, 9½ அங்குலமாதல் வேண்டும்.

விடுமுறை கழிந்து கட்டங்களைத் தரையிற் பரப்பியபோது இருவருடையன 9½ அங்குலம் இருந்தன. ஒருத்தியுடையன சற்றே பெரியன. என்னுடையன நான்கும் 9¼ அங்குலமே இருந்தன. நால்வருள்ளும் நன்றாகத் தைப்பவள் எனப் பெயர் பெற்றிருந்தவள் யான். என் தையல் கோணவில்லை, இழை சுருங்கவில்லை, என் கட்டங்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழையும் வேறுபடாது பொருந்தின. அதனைக் காட்டி வாதிட்டேன். தோழியொருத்தி அமைதியாக, “உன் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, எங்களுடையவற்றோடுதான் பொருந்தவில்லை” என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

குறை எங்கே நேர்ந்தது? என் தையற் பொறியின் பாதத்து விளிம்பைத் துணி விளிம்போடு ஒட்ட வைத்துத் தைத்தேன். ஊசிக்கும் அப்பாதத்து விளிம்பிற்கும் இடையே கால் அங்குலம் உளது எனக் கொண்டேன். அளந்து பார்த்தபோது கால் அங்குலத்தின்மேல் ஒரு வீசம் மிகுதியாக இருந்தது. வீசமாவது பதினாறில் ஒரு பங்கு. மாகாணி என்பதும் அதுவே. கீழ்வாயிலக்கத்தில் இத்துணைச் சிறு பகுதிக்கும் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். அவ்வீசத்தைப் பொருட்படுத்தாமை என் பிழை.

இப்பிழை பெருகும் வகையைக் காண்க. ஒரு மூட்டில் இரண்டு துண்டுகளின் ஓரம் அடங்கும். ஆகவே ஓரத்திற்கு ஒரு வீசம் மிகின், மூட்டொன்றிற்கு இரண்டு வீசம், அஃதாவது அரைக்கால் அங்குலம் குறையும். ஒன்பது துண்டுக் கட்டத்தில் குறுக்கே இரண்டு மூட்டுக்கள். எனவே கட்டம் கால் அங்குலம் குறையும். போர்வை முழுதும் இத்தகைய கட்டங்களே எனக் கொள்வோமாயின், 72 அங்குல நீளத்தில் 24 சிறு சதுரங்கள் நிற்கும். சதுரத்திற்கு அரைக்கால் வீதம் ஏறத்தாழ 3 அங்குலம் காணாமற் போம். வீசத்தில் தொடங்கியது சாணின் மூன்றில் ஒரு பங்காய் முடிந்தது.

போர்வை சிறிது குறைந்தால் கேடு என்னை எனின், குறைதலில் அத்துணைக் கேடில்லை, பொருந்தாமையே கேடு. வெறுங் கட்டத்தில் மூட்டே இல்லையாதலின் அது 9½ அங்குலமாகவே நிற்கும். பல மூட்டுடைய கட்டமோ சுருங்கி நிற்கும். மூட்டு மிகுந்தோறும் குறை மிகும் என்பதனால், வெவ்வேறு வகைக் கட்டங்களைச் சேர்க்கும் போர்வையில், ஒருவரே தைப்பினும் பிழை வெளிப்பட்டே தீரும். பலர் தைப்பின் சொல்லவேண்டா.

சிறியதை இழுத்துப் பெரியதனோடு சேர்த்துத் தைக்கலாம் என்று எங்களுள் ஒருத்தி கூற, அவ்வாறே ஒரு வரிசை தைத்துப் பார்த்தோம். வெறுங் கட்டம் சுருக்கங் கொண்டு உப்பிற்று. சிறு சதுரங்களின் மூலைகள் ஒன்றற்கொன்று விலகி நின்றன. பெரியதனை வெட்டிச் சிறியதற்கு ஒப்பாக்கின் ஓரத்துச் சதுரங்கள் மட்டும் குறுகி, அழகு கெடும். ஆகவே பிரிப்பதன்றி வேறு வழியில்லை. ஒன்பது துண்டுக் கட்டமொன்றில் எட்டு மூட்டுக்கள். நான்கு கட்டங்களிலும் 32 மூட்டுக்களைப் பிரித்தேன். வழியனுப்பு நாளுக்கு முன் இரண்டிரவுகள் அதிற் கழிந்தன. சதுரங்கள் சரியாக வெட்டப்பட்டிருந்தமையால் மீளத் தைக்க இயன்றது. வெட்டுதலிலும் பிழைத்திருப்பின் அதுவும் இயலாதாகும்.

இனி, கையாற் கட்டம் தைத்த பண்டைப் பெண்டிர் இத்துணைத் துன்பம் உற்றிலர் எனத் தோன்றுகின்றது. அதற்குக் காரணமுண்டு. கையால் இணைப்போர் துணியின் பின்புறத்தே தையற் கோட்டையே வரைந்துகொள்வர். கோட்டின்மேல் ஊசி சென்றால் போதும். அதற்கு வெளியே விட்ட ஓரம் சிறிது கூடினும் குறையினும் அளவு பிறழாது. தையற் பொறியில் தைப்போர்க்கோ வரைந்த கோடில்லை. துணி விளிம்பே வழிகாட்டி. 1979-இல் ‘ஓல்ஃபா’ என்னும் ஜப்பானியக் குழுமத்தின் உருள்கத்தி வெளிவந்த பின்னர், பல மடிப்புத் துணியை அளவுகோலோடு வைத்து ஒரே வீச்சில் வெட்டும் முறை பரவிற்று. வேகம் மிகுந்தது, கோடு வரைதல் மறைந்தது. முன்னர்க் கண்ணுக்குத் தெரிந்த கோடு இருந்த இடத்தில், இன்று கண்ணுக்குத் தெரியாத கால் அங்குலமே நிற்கின்றது. ஆகவே முன்னோர்க்கு வேண்டாதிருந்த கவனம் நமக்கு வேண்டுவதாயிற்று.

அற்றேல், அளவுகோலை வைத்துச் சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தாற் போதுமன்றோ எனின், போதாது என்க. இது வியப்பாகத் தோன்றலாம். தைத்த மூட்டை ஒரு பக்கமாக மடித்து அழுத்துங்கால், மடிப்பில் துணியின் கனமும் நூலின் கனமும் சிறிது இடத்தைக் கொள்ளும். அதனாற் சரியான கால் அங்குலத்தில் தைப்பினும் முடிந்த துண்டு சற்றே குறையும். ஆகவே தேர்ந்தோர் கால் அங்குலத்திற்கு ஓரிரு இழை குறையவே தைப்பர். எத்துணைக் குறைத்தல் வேண்டும் என்பது துணிக்குத் துணியும் நூலுக்கு நூலும் வேறுபடும். எனவே அளக்கற்பாலது தையலன்று. தைத்து முடிந்த துண்டேயாம்.

இதற்கு எளியதோர் ஆய்வுமுறை உண்டு. 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் அடுத்தடுத்து மூட்டி, அழுத்தி, நடுப்பட்டையை அளக்க. அது சரியாக ஓர் அங்குலம் இருத்தல் வேண்டும். மூன்றும் சேர்ந்து 3½ அங்குலம் இருத்தல் வேண்டும். நடுப்பட்டை குறையின் ஓரம் மிகை. மிகின் ஓரம் குறை. ஊசியின் நிலையை மாற்றக்கூடிய பொறியாயின் அதனைச் சிறிது நகர்த்தலாம்; இன்றேல் பொறியின் தட்டின்மேல் ஒட்டுநாடா ஒன்றைச் சரியான தொலைவில் ஒட்டித் துணி விளிம்பை அதனோடு உராயச் செலுத்தலாம். கால் அங்குலத்திற்கெனவே அமைந்த பாதங்களும் கடைகளிற் கிடைக்கின்றன; அவற்றையும் ஆய்ந்தே நம்புக. கால் நாழிகையில் முடியும் இவ்வாய்வைச் செய்யாமையால் இரண்டிரவுகளை இழந்தவள் யான்.

தையலை ஒழித்து வேறிடங்களிலும் அளவு கெடும். மூட்டின் இறுதியில் துணி கைவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கும். கடைசி ஓர் அங்குலத்தில் தையல் சாய்தல் தொடக்கத்தார் யாவர்க்கும் உண்டு. பொறியின் பற்கள் அடித்துணியை மேல்துணியினும் விரைவாக இழுக்கும். குண்டூசி குத்தி வைத்தல் அதற்கு மருந்து. இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பின் துணி நீண்டு வளையும். ஆதலின் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துதலே முறை. அடுத்தடுத்த வரிசைகளின் ஓரங்களை எதிரெதிர்ப் பக்கமாக மடித்தழுத்தின், மூட்டும் மூட்டும் ஒன்றையொன்று கவ்வி மூலைகள் சரியாகக் கூடும்.

முக்கோணங்களில் இக்கால் அங்குலம் இன்னும் கடுமையான ஆசானாம். சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டி இரண்டு முக்கோணமாக்கும்போது, முடிவிற் பெறவேண்டிய பக்க அளவோடு முக்காலே அரைக்கால், அஃதாவது 7/8 அங்குலம் சேர்த்துச் சதுரத்தை வெட்டுக என்பது அந்நாட்டார் வழக்கு. சதுரத்திற்கு அரை அங்குலம் சேர்ப்போர் இதற்கு 7/8 சேர்ப்பது ஏன்? சாய்ந்த பக்கத்திலும் கால் அங்குல ஓரம் வேண்டும். சாய்வினால் அது கூர்முனையில் மிக நீண்டு செல்லும். கணக்கிட்டுப் பார்ப்பின் 0.854 அங்குலம் வரும். அதனையே வெட்டுதற்கு எளிதாக 7/8 எனக் கொண்டனர். இம்முக்கோணங்களால் ஆய விண்மீன் வடிவத்தில் ஓரம் சிறிது மிகினும் கூர்முனை தையலுக்குள் விழுங்கப்பட்டு மழுங்கிவிடும். மறைந்த ஓரத்தின் பிழை அங்கே மறையாது முகத்தில் வந்து நிற்கும்.

இனி மறுப்புரைகள் சிலவற்றை ஆராய்வோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் ‘ஜீஸ் பெண்ட்’ என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோர் அடிமைகளாக உழன்ற ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள். அவ்வூர்ப் பெண்டிர் பழைய உழைப்பாடைகளின் துண்டுகளைக்கொண்டு தைத்த போர்வைகள், கோடு வளைந்தும் அளவு மாறியும் தம் மனம்போல் அமைந்தவை. அவை 2002-இல் ஹியூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றுப் பெரும் புகழ் எய்தின; 2006-இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. அளவின்றியும் அழகு பிறக்கும் என்பதற்கு இவை சான்றன்றோ என்பர். சான்றேயாம், அப்போர்வைகளை யானும் வியக்கின்றேன். ஆயினும் அங்கே நிகழ்வது வேறு. முன்னரே அளந்து வெட்டிய துண்டுகளைத் திட்டப்படி சேர்ப்பது அவர் முறையன்று. தைத்தது எத்துணை நீளமோ அத்துணைக்கு அடுத்த துண்டைத் தேர்ந்து வெட்டிச் சேர்ப்பர். ஒருவர் கையும் கண்ணும் முழுப்போர்வையையும் ஆள்கின்றன. அத்தகைய உரிமை, பலர் கூடி ஒரு திட்டத்திற்கு உடன்பட்டுத் தனித்தனியே தைக்கும் வேலையில் ஒருவர்க்கும் இல்லை.

கடவுள் ஒருவரே குறைவற்றவராதலின் முற்காலத்துப் பக்தியுடைப் பெண்டிர் போர்வையில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தனர் என்னும் கதையொன்றும் வழங்குகின்றது. அதனைப் பிற்காலத்துக் கட்டுரை என்பர் போர்வை வரலாறு ஆய்ந்தோர். கதை எவ்வாறாயினும், பணிவைக் காட்டப் பிழையை நாம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அது தானே வந்து சேரும் என்பதற்கு என் நான்கு கட்டங்களே கரி. வந்த பிழையைப் பிறர்முன் ஒப்புக்கொண்டு பிரித்தலே பணிவு எனக் கருதுகின்றேன். அது பிழையை வைத்தலினும் கடிது.

பலர் கூடிச் செய்யும் பணிக்கு ஒரு பொது அளவை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறொரு போர்வை சான்று பகரும். எய்ட்ஸ் நோயால் மாண்டாரின் நினைவாக அமெரிக்க மக்கள் தைக்கத் தொடங்கிய போர்வை 1987 அக்டோபர்த் திங்களில் வாஷிங்டன் நகரத்துப் பெருவெளியில் முதன்முறை விரிக்கப்பட்டது. அன்று அதில் 1,920 துணிப்பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் உடையது. ஏறத்தாழ ஒருவர் கல்லறையின் அளவு. எட்டுப் பகுதிகளைச் சேர்த்துப் பன்னிரண்டடிச் சதுரமாக்கினர். ஒருவரையொருவர் ஒருகாலும் கண்டிராத தாயரும் தோழரும் உடன்பிறந்தாரும் தத்தம் இல்லத்திருந்து தைத்தனவற்றை ஒன்றாக்கியது அப்பொது அளவேயாம். துணியிலும் நிறத்திலும் எழுத்திலும் அவரவர் உள்ளம் வேண்டியவாறு செய்துகொண்டனர். அளவில் மட்டும் உடன்பட்டனர். அவ்வுடன்பாடு அவர்தம் உரிமையைக் குறைத்திலது. அவர்தம் துயரத்தைப் பிறர் துயரத்தின் அருகே வைக்க இடம் தந்தது.

ஆகலின் என் கருத்து இது. தொடக்கத்தார்க்கு நிறப்பொருத்தமும் வடிவமும் கற்பிக்குமுன், மூன்று பட்டை ஆய்வைக் கற்பித்தல் வேண்டும். பலர் கூடித் தைப்பின், வேலையைப் பகிருமுன் ஒருவர் தைத்த மாதிரிக் கட்டமொன்றை யாவரும் தம் பொறியில் தைத்ததனோடு ஒப்பிட்டுக்கொள்ளல் வேண்டும். “என் தையல் நேரானது” என்பது போதிய விடையன்று, “என் தையல் உன் தையலோடு பொருந்துமா?” என்பதே முதற்கண் கேட்கத்தக்க வினா.

போர்வை உரிய நாளில் முடிந்தது. மூதாட்டியார் அதனை விரித்துப் பார்த்து, பின்புறத்தைத் திருப்பி, மூட்டொன்றை விரலால் தடவினார். ஆனால் அடித்துணி ஓரங்களையெல்லாம் மூடிவிட்டது. அவர் கண்டது ஒன்றுமில்லை. எவருடைய கட்டம் எது என அவர் கேட்டார். நாங்கள் நால்வரும் பார்த்தோம், எங்களுக்கும் தெரியவில்லை.